நாற்பத்தொன்று இன்னும் பணியில்

எங்கள் விமானப் பராமரிப்புப் பிரிவில் ஒரு ஆள் செத்துப்போனால் அதற்கு ஒரு படிவம் உண்டு. பச்சை நிறம், இரண்டு பக்கம். ஒரு ஸ்பானர் காணாமல் போனால் அதற்கும் படிவம் உண்டு. மஞ்சள் நிறம், பதினோரு பக்கம். ஸ்பானரைக் கையில் வைத்திருந்த ஆளே செத்துப்போனால் என்ன செய்வது என்று மட்டும் எந்த மகராசனும் யோசித்து வைக்கவில்லை. அதனால் என் அத்தான் இறந்த பிறகும் பதினாறு நாள் வேலை பார்த்தார். சொந்தக்காரர் என்பதற்காக நான் பெருமையடிக்கவில்லை. பதிவேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தானும் நானும் ஒரே ஷிஃப்டில் மெக்கானிக்குகள். என் அக்காவைக் கட்டியவர். என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தவரும் அவர்தான், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

கருவி அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருப்பார்கள். அதை நாங்கள் நிழல் என்போம். கருவியை எடுக்கிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், திருப்பித் தரும்போது வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது ஆணியில் வில்லை தொங்கினால் அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். கருவியும் இல்லை, வில்லையும் இல்லை என்றால் கருவி தொலைந்தது என்று அர்த்தம், ஒரு விமானமும் நகரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். எஞ்சினுக்குள் ஒரு திருகாணி கிடந்தாலே என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் செய்தது. பிறகு தெரியாதவர்கள் வந்து அதற்கு விதி எழுதினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அத்தான் ஏழாம் நம்பர் விமானத்தின் வலது எஞ்சினுக்குப் பக்கத்தில் மேடை போட்டு ஏறி, உள்மூடியைத் திறந்துபோட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கையில் கைக்கண்ணாடி. பல் டாக்டரிடம் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்குமே, அதையே முழங்கை நீளத்துக்குச் செய்தது. குழாய்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க உதவும். வேலையில் இறங்கிவிட்டால் அத்தான் பேச மாட்டார். கண்ணாடியின் காம்பால் எஞ்சின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுவார். டிங், டிங். டார்ச் கொடு என்று அர்த்தம். நான் கீழே நின்று எடுத்துக் கொடுப்பேன்.

அன்றைக்கும் தட்டினார், கொடுத்தேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் டிங், டிங்.

"டார்ச்ச கையில வச்சுக்கிட்டே டார்ச் கேக்குறீங்களே அத்தான்! வயசாகிப்போச்சு உங்களுக்கு" என்றேன்.

பதில் இல்லை. மூன்றாவது தடவை தட்டவில்லை. மேடையிலிருந்து அவர் சரிந்து வந்தபோதுதான் இரண்டாவதாகத் தட்டியது டார்ச்சுக்கு இல்லை என்று எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு.

நானும் மற்றவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடுத்த ஷிஃப்ட் வந்து உள்மூடியை மூடியது. பலகையில் காலி நிழல் எதுவும் இல்லை. கைக்கண்ணாடியின் ஆணியில் நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லை, அதாவது அத்தான், தொங்கிக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் விமானம் மூன்று மணிக்கு நிமிடம் பிசகாமல் கிளம்பியது.

ஒரு வாரம் லீவு முடிந்து புதன்கிழமை நான் வேலைக்குத் திரும்பியபோதும் வில்லை அங்கேயே தொங்கியது. கருவி அறைக்காரரை நாங்கள் சாவி என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷன்தான், ஆனால் பூட்டுக்கு வெளியே உள்ள உலகத்தை நம்பாதவர்.

"அண்ணே, அது எங்க அத்தானோட வில்லை."

"தெரியும்ப்பா. நானும்தான் வந்து அழுதுட்டுப் போனேன்."

"அப்ப ஏன் இன்னும் தொங்குது?"

"அவரு கண்ணாடியத் திருப்பித் தரலையே."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தினமும் மாலை அவர் கையால் எழுதியிருந்தார்: 'எண் 41, பணி நீட்டிப்பு.' எட்டு நாளாக ஒரே வரி. எழுத்து மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது.

"கண்ணாடி அந்த எஞ்சினுக்குள்ள கிடக்கும்ணே!"

"கிடக்கலாம். அத நான் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. வில்லைக்காரர்தான் சொல்லணும்."

பிற்பகலில் ஏழாம் நம்பர் வந்து நின்றது. எஞ்சினை அணைத்த பிறகு முன்விசிறி மெதுவாகச் சுற்றி ஓயும்போது அதன் தகடுகள் கடகடவென்று ஆடும். அது எல்லா எஞ்சினிலும் உள்ள சத்தம், புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதற்குப் பயப்படுவார்கள். அந்தக் கடகடப்பு அடங்கி விசிறி நிற்கப்போகிற கடைசிச் சுற்றில், உள்ளேயிருந்து, டிங், டிங்.

என் கை தானாகவே டார்ச்சைத் தேடியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விமானி குறிப்பேட்டில் நான்கு நாளாக எழுதியிருந்தார்: 'வலது எஞ்சின் நிற்கும்போது யாரோ தட்டுகிறார்கள்.' அதற்குக் கீழே எங்கள் பிரிவின் பதில்: 'எஞ்சின் நின்ற பிறகு சோதிக்கப்பட்டது. யாரும் தட்டவில்லை. குறை காணப்படவில்லை.' நான் பின்பக்கமாகத் தலையை விட்டு, டார்ச் அடித்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் பார்த்தேன். உள்மூடிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. அதைத் திறக்க நான்கு ஆளும் ஒரு கைப்பம்பும் வேண்டும். ஆளை நான் கெஞ்சிக் கூட்டிவிடுவேன். பம்பு, வேலை உத்தரவு இல்லாமல் வெளியே வராது.

உத்தரவு வாங்கத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனேன். வாயைத் திறந்தால் விதி எண் சொல்வதால் அவருக்கு விதி என்றே பெயர். விதியைப் பார்க்கப் போகிறேன், விதி லீவில் இருக்கிறது என்றெல்லாம் நாங்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்று சிரிப்பு வரவில்லை.

"உக்காருங்க தம்பி. ஒரு கருவி தொலைஞ்சதுன்னு யார் சொல்லணும்? தொலைச்சவர் சொல்லணும். நீங்களோ நானோ சொன்னா அதுக்குப் பேரு வதந்தி. வதந்திய நம்பி விமானத்த நிறுத்த முடியுமா?"

"அவரு செத்துட்டாரு சார்."

"அதுக்கு எங்களோட ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனா அது ஆள் பிரிவு. இது கருவிப் பிரிவு. அவங்க பதிவுல அவர் காலமாகிட்டார். எங்க பதிவுல பணி நீட்டிப்புல இருக்கார். ரெண்டுக்கும் முரண்பாடு இல்ல."

"எப்படி சார் முரண்பாடு இல்ல?"

"வேற வேற கட்டடம்."

"சார், குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவுல அது சிக்கியிருந்தா உரசும். எரிபொருள் குழாய் ஓட்டையானா நடுவானத்துல தீதான். ஒரு தடவ தொறந்து பாத்துடலாம் சார்."

"எதுக்குத் தொறக்கணும்? தொலைஞ்ச கண்ணாடிய எடுக்கவா? அது தொலையலையே! பயன்பாட்டுல இருக்கு. பயன்பாட்டுல இருக்கிற கருவியப் பிடுங்குறது விதி எண் முப்பத்திநாலுப்படி குற்றம்." குரலைத் தணித்துக்கொண்டார். "அவர் உள்ள என்ன வேலையா இருக்காரோ, நாம ஏன் நடுவுல போய்த் தொந்தரவு பண்ணணும்?"

மனதுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் விதி நேர்மையானவர். வில்லைக்காரர்தான் சொல்ல வேண்டும் என்றால் அவரைக் கூப்பிட்டுக் கேட்பதுதானே முறை? வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. 'எண் 41, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் ஆஜராகவும். தவறினால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.' அக்கா அதை எனக்குப் போனில் படித்துக் காட்டினாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள்.

"இதுக்கு மேல என்னடா நடவடிக்கை எடுப்பாங்க?"

சனிக்கிழமை விசாரணை நடந்தது. உறவினர் என்ற முறையில் என்னையும் உட்காரவைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் விதி, குறிப்பெடுக்க ஒரு எழுத்தர். இந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தாள், சீவிய பென்சில். விதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார்.

"கேள்வி ஒண்ணு. கைக்கண்ணாடிய நீங்க எடுத்தீங்களா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தார். எழுத்தர் 'மௌனம்' என்று எழுதிக்கொண்டார்.

"கேள்வி ரெண்டு. அது இப்ப எங்க இருக்கு?"

மௌனம்.

"கேள்வி மூணு. தண்ணி வேணுமா?"

மௌனம். 'தண்ணீர் மறுத்துவிட்டார்' என்று எழுத்தர் எழுதினார். எனக்கு வாயில் நல்ல நல்ல வார்த்தையாக வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"கேள்வி நாலு. நீங்க இன்னும் எவ்வளவு நேரம் பணியில இருக்கறதா உத்தேசம்?"

அந்த நேரம் பார்த்து வெளியே ஏழாம் நம்பர் வந்து நின்றது. எஞ்சின் அணைந்து விசிறி கடகடத்து ஓய்ந்தது. ஜன்னல் திறந்திருந்தது. டிங், டிங். எழுத்தரின் பேனா நின்றுவிட்டது. விதியின் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று பேரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளர் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. விமானம் வந்தால் எல்லா டம்ளரும் ஆடும்தான், இருந்தாலும்.

"இதப் பதிவு பண்ண வேணாம்" என்றார் விதி. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஒத்துழைக்கவில்லை."

திங்கட்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் சாவி டீ குடிக்கப் போன சமயம் ஆணியிலிருந்து வில்லையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இப்போது கருவியும் இல்லை, வில்லையும் இல்லை. காலி நிழல். ஒரு விமானமும் நகரக் கூடாது. அவர்கள் விதியாலேயே அவர்களைக் கட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

சாவி திரும்பி வந்து பார்த்து அலறிய அலறலில் மேலாளரே ஓடி வந்துவிட்டார். எங்கள் மேலாளர் பதற்றமே படாதவர். விமானம் தாமதமானால் மட்டும் படுவார். பலகை முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார்.

"எது காலியா இருக்கு?"

"கைக்கண்ணாடி நிழல் சார்."

"நிழல் இருக்கறதாலதான காலி. நிழலே இல்லன்னா?"

பெயின்டரைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் கைக்கண்ணாடியின் நிழல் மேல் வெள்ளை ஏறியது. சுத்தமான சுவர். விமானங்கள் கிளம்பின. சாவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். நான் வில்லையைக் கொடுத்தேன். அவர் அதை அந்த வெற்று ஆணியிலேயே மாட்டினார்.

"எதுக்குண்ணே திரும்ப மாட்டுறீங்க? அதான் நிழலே போச்சே."

"மனுஷன் எங்க போவாரு? பாவம்" என்றார்.

மறுநாள் காலை வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பு கசிந்து வந்திருந்தது. முதலில் காம்பு, மதியத்துக்குள் வட்டம். பெயின்டர் இன்னொரு கோட் அடித்தார். புதன்கிழமை மறுபடி வந்தது. பழைய கறுப்பு தார் கலந்தது, அப்படித்தான் மேலே வரும் என்று பெயின்டர் விளக்கினார். விளக்கியவர் அதன்பிறகு அந்த அறைக்குள் தனியாகப் போகவில்லை.

எனக்கும் ஒரு கோட் அடிக்க வேண்டும் என்று மேலாளருக்குத் தோன்றியிருக்க வேண்டும். திங்கட்கிழமையே காது டாக்டரிடம் அனுப்பிவிட்டார். டாக்டர் ஹெட்ஃபோனை மாட்டி, அரை மணி நேரம் பீப் பீப் என்று வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"உங்க காதுல ஒரு குறையும் இல்ல. அதான் பிரச்சினை. ஒரு பணியாளருக்கு இவ்வளவு தூரம் கேக்கணும்னு அவசியமே இல்லையே." சான்றிதழில் 'தேவைக்கு மேல் கேட்கிறது' என்று எழுதி, பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு இரங்கல் கூட்டம். மேலாளர் பேசினார். நன்றாகவே பேசினார், அதுதான் கொடுமை.

"நண்பர்களே, நம்ம நாற்பத்தொன்று நம்மள விட்டுப் போயிட்டார்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். பதிவேட்டப் பாருங்க, அவர் போகல. ஒரு ஊழியர் உயிர் போன பிறகும் வேலைய விட்டுப் போகலன்னா, அந்த நிறுவனத்து மேல அவருக்கு எவ்வளவு பற்று இருந்திருக்கணும்! பாதுகாப்புதான் நம்ம முதல் கடமை. நேரத்துக்குக் கிளம்புறது அதுக்கும் முந்தின கடமை. அவர் ரெண்டுக்கும் குறுக்க நின்னதே இல்ல. இப்பவும் நிக்கல."

கைதட்டினார்கள். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார்.

"அவரோட மனைவியும் மகளும் அவங்க அம்மா வீட்டோட போய் இருக்கப் போறதா கேள்விப்பட்டேன். நாம சும்மா இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை காலை, நம்ம செலவுல, நம்ம விமானத்துல ரெண்டு சீட். அதுவும் அவர் கடைசியா கை வச்ச அதே ஏழாம் நம்பர்ல!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து கும்பிட்டாள். அவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? நான் பின்னால் நின்று பஞ்சைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்கப் பெட்டிகள். ஒன்பது வயது மருமகள் தன் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, குழாய், சத்தம், விசாரணை, பெயிண்ட்.

"அந்த விமானத்துல போகாதக்கா. பஸ்ல போயிடலாம், நானே கொண்டுபோய் விடுறேன்."

அக்கா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. அவள் அழாமல் பேசும்போதுதான் எனக்குப் பயம்.

"தினமும் காலைல அது பறக்கலாம்னு முத்திரை குத்துறது யாரு?"

"முந்தாநாள் வரைக்கும் நான்தான். நேத்து மாட்டேன்னுட்டேன். பக்கத்துல இருந்தவன் குத்திட்டான்."

"முந்தாநாள் வரைக்கும் நீ." ஒரு டம்ளரைச் சுற்றி முடித்தாள். "நான் பஸ்ல போனா அந்த ரெண்டு சீட்டும் காலியாவா போகும்?"

நான் கீழே கிடந்த பேப்பரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"அவரு வச்சுட்டு வந்த சாமான்டா அது. யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா அவரு தலையிலதான் வந்து விழும். இவங்க யாரு தலையிலயும் விழாது. உங்க அத்தான் அப்படியாப்பட்ட ஆளா? எப்படியாவது எடுத்துடு. எடுக்கலன்னா நான் அதுலதான் போவேன், சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படி.

புதன் முழுக்க ஓடினேன். யாரும் மசியவில்லை. மாலை சாவியிடம் அந்த மஞ்சள் படிவத்தைக் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'கருவி இழப்பு அறிவிப்பு. வில்லைதாரர் தம் கைப்பட நிரப்பிக் கையொப்பமிட்டது. பன்னிரண்டு பிரதிகள்.' ஒன்பது வருடமாக ஒவ்வொரு வேலை அட்டையிலும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அத்தானின் கையெழுத்து இருந்திருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். வியாழக்கிழமை காலை ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு பிரதியிலும் போட்டேன். தேதியை என்ன போடுவது என்றுதான் குழம்பினேன். அவர் உயிரோடிருந்த தேதியைப் போடலாம். ஆனால் கையொப்பமிட்டு இருபத்திநாலு மணி நேரம் தாண்டிய படிவம் செல்லாது என்று விதி இருக்கிறது. அதனால் இன்றைய தேதியையே போட்டேன்.

விதியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் புரட்டினார்.

"அவர் ஏன் நேர்ல வரல?"

"பணியில இருக்கார் சார்."

"ஆமாமா." தலையசைத்தார். "இருந்தாலும் கையெழுத்தச் சரிபார்க்கணும். விதி எண் தொண்ணூறு."

கையெழுத்துச் சரிபார்ப்புக் குழு என்று மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பூதக்கண்ணாடி வந்தது. அத்தானின் பழைய வேலை அட்டைகள் வந்தன. இரண்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்: 'கையொப்பம் உண்மையானது. எண் 41 அவர்களுடையதே.' தேதியைப் பார்த்து யாரும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மதியம் ஒன்றரைக்கு வேலை உத்தரவும் கைப்பம்பும் கிடைத்தன. நாலு பேராகப் பம்பை அடித்து உள்மூடியைத் திறந்தோம். டார்ச்சோடு நான்தான் மேலே ஏறினேன். கண்ணாடி அங்கேதான் இருந்தது. வட்டம் ஒரு தாங்கியில் மாட்டி, காம்பு எரிபொருள் குழாயின் மேல் படுத்திருந்தது. காம்பு கிடந்த இடத்தில் குழாய் உரசி உரசி வெங்காயத் தோல் அளவுக்கு மெலிந்திருந்தது. என்னோடு இருந்தவன் அதைப் பார்த்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்னும் எத்தனை தடவை பறந்திருக்கும் என்று கேட்டேன். "கேக்காதடா" என்றான்.

கண்ணாடியை எடுத்ததும் என்னையறியாமல் அதன் காம்பால் எஞ்சினை இரண்டு தடவை தட்டினேன். கீழே நின்றவன் டார்ச்சை நீட்டினான். மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாலைக்குள் புதுக் குழாய் போட்டு, ஓட்டிப் பார்த்து, நிறுத்தினோம். விசிறி கடகடத்து ஓய்ந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

சாவி வில்லையை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றார். கருவியைத் திருப்பித் தந்தது யார்? வில்லைதாரரா? இல்லை. ஆகவே வில்லை தொங்கும். கண்ணாடியையும் வில்லையையும் ஒரே ஆணியில் மாட்டினார். அப்படி ஒரு நிலைக்கு விதியில் பெயரே இல்லை என்பதால் பதிவேட்டில் அன்றும் 'பணி நீட்டிப்பு' என்றே எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை விதி ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். எண் 41-க்கு. முதல் பத்தியில், கருவி இழப்பைப் பதினாறு நாள் தாமதமாக அறிவித்ததற்குக் கடும் எச்சரிக்கை. இரண்டாவது பத்தியில், தாமதமானாலும் நேர்மையாக முன்வந்ததற்குப் பாராட்டு. படிவத்தின் பிரதியோடு குடும்பத்தாருக்கும் ஒன்று. இனி இப்படி நடந்தால் பணிநீக்கம் செய்ய நேரிடும் என்று முடித்திருந்தார்.

படித்ததும் எனக்குத் தலைக்கேறியது. நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், அந்தக் கையெழுத்து நான் போட்டது. என்ன வேணா பண்ணுங்க. அவர் பேருக்கு எச்சரிக்கை வேணாம்."

விதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, மூணு அதிகாரிங்க அது உண்மைன்னு சான்று குடுத்திருக்காங்க. அது பொய்யின்னா அவங்க மூணு பேரும் பொய். அப்புறம் எஞ்சினத் தொறந்ததே செல்லாது. குழாய் மாத்தினதும் செல்லாது. பழைய குழாயத்தான் திரும்ப மாட்டணும். மாட்டட்டுமா?"

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

புறப்பாட்டுக் கூடத்தில் அக்காவும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் ஏற்கெனவே அக்கா கையில் இருந்தது. மேலாளரே வந்து கொடுத்துவிட்டுப் போனாராம், பூங்கொத்தோடு. அக்கா கடிதத்தைப் படிக்கவில்லை. படிவத்தின் பிரதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்தை. அதற்குக் கீழே இருந்த நேற்றைய தேதியை.

"இன்னும் கேக்குதாடா?" என்றாள்.

"இல்லக்கா. நேத்தோட நின்னுடுச்சு. நீ தைரியமா போ."

"நல்லதுதான்." பிரதியைப் பூங்கொத்துக்கு அடியில் வைத்தாள். "ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போய்க் கேக்க விட்டிருக்கலாம் நீ."

அது எனக்குத் தோன்றவே இல்லை. பதினாறு நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அறிவிப்பு வந்தது. ஏழாம் நம்பர் விமானம், நேரத்துக்கு. அக்கா கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்த என் மடியில் தன் பெட்டியை வைத்து அதன் மேல் விரித்தாள். பள்ளி மாறுவதற்கான விண்ணப்பம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. 'தந்தையின் கையொப்பம்' மட்டும் காலி.

"இறந்துட்டார்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "அப்படின்னா வேலை பாத்த இடத்துலேர்ந்து கடிதம் கொண்டுவாங்கன்னாங்க. இங்க ஆள் பிரிவுல கேட்டா, கருவிப் பிரிவுல அவரு இன்னும் பணியில இருக்காரு, அது முடியாம குடுக்க முடியாதுங்கறாங்க. திங்கக்கிழமை புது ஸ்கூல்ல இதக் காட்டணும்." என் கையில் பேனாவை வைத்தாள். "அத்தனை எடத்துல போட்ட. இதுலயும் போட்டுடு."

பேனாவைத் திறந்தேன். நேற்று பன்னிரண்டு பிரதியில் கிடுகிடுவென்று ஓடிய கை இப்போது தாளைத் தொட மாட்டேன் என்றது. மருமகள் என் தோளில் சாய்ந்துகொண்டு குனிந்து பார்த்தாள். மெதுவாக முதல் எழுத்தைப் போட்டேன், அடுத்ததைப் போட்டேன், கடைசி எழுத்தின் வாலை மேலே தூக்கப் போனேன்.

"அப்படி இல்ல மாமா" என்றாள். "அப்பா அத மேல தூக்க மாட்டாரு. கீழ இழுப்பாரு."

மூன்று அதிகாரிகள், பூதக்கண்ணாடி, இரண்டு மணி நேரம்.

"எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு தாளில் ஓரிடத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றிக் காட்டினாள். அந்த விரல் வரைக்கும் இழுத்தேன்.